பிரிட்டனின் ராயல் கோல்டு மெடல்: மாணவர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்திய ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷிக்கு ராயல் கோல்டு மெடல் கிடைத்த நாளிலிருந்து வகுப்பிலும் வெளியிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கொடுத்திருக்கிறேன்.

சார், ராயல் கோல்டு மெடல்னா என்ன? யார் கொடுக்குறாங்க?

பிரிட்டனில் ஆர்க்கிடெக்டுகளின் தேசிய அமைப்பு ஒன்று இருக்கிறது. ராயல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஆர்.ஐ.பி.ஏ. 1834இல் தொடங்கியது. அந்த அமைப்பு ஆண்டுக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ தரும் மிக உயர்ந்த மரியாதை இந்தத் தங்கப் பதக்கம். 1848இல் விக்டோரியா ராணி காலத்தில் முதல் பதக்கம் சார்லஸ் ராபர்ட் காக்கரெல் என்பவருக்குப் போனது.

யாருக்கு என்பதை அமைப்பின் தலைவர் தலைமையில் ஒரு குழு முடிவு செய்யும். பிறகு அந்தப் பெயர் அரண்மனைக்குப் போய், அரசரோ அரசியோ ஒப்புதல் தர வேண்டும். 'ராயல்' என்ற சொல் வந்தது அதனால்தான். லண்டன் போர்ட்லண்ட் பிளேஸில் உள்ள அவர்களின் தலைமையகத்தில், பதக்கம் பெற்றவர்களின் பெயர்களை நுழைவாயில் கூடத்துச் சுவரிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆர்க்கிடெக்சர்க்கு நோபல் பரிசுன்னா பிரிட்ஸ்கர்தானே? அப்போ இது அதுக்குக் கீழயா?

மேலா கீழா என்று பார்க்க வேண்டாம், வயதைப் பாருங்கள். பிரிட்ஸ்கர் பரிசு 1979இல் அமெரிக்காவில் ஒரு தொழிலதிபர் குடும்பம் தொடங்கியது. ராயல் கோல்டு மெடல் அதற்கு 131 ஆண்டுகள் மூத்தது. பிரிட்ஸ்கர் தொடங்குவதற்குள் ஃபிராங்க் லாயிட் ரைட் (1941), லெ கொர்புசியே (1953), வால்டர் குரோபியஸ் (1956), மீஸ் வான் டெர் ரோ (1959), லூயி கான் (1972) எல்லோரும் இதை வாங்கிவிட்டார்கள். ரைட்டுக்கு அவர் சொந்த நாடான அமெரிக்காவின் ஆர்க்கிடெக்ட் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது 1949இல்தான். பிரிட்டன் எட்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

பாலகிருஷ்ண தோஷி இரண்டையும் பெற்றவர். பிரிட்ஸ்கர் 2018இல், இது 2022இல்.

தோஷிக்கு எந்தக் கட்டடத்துக்காகக் கொடுத்தாங்க?

எந்த ஒரு கட்டடத்துக்காகவும் இல்லை. அதிகம் குழம்புவது இங்கேதான். இந்தப் பதக்கம் ஆளுக்கு, அவருடைய வாழ்நாள் உழைப்புக்கு. நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டடக்கலையை முன்னே நகர்த்தியவருக்குத் தருவது என்பதுதான் அளவுகோல். அந்த 'மறைமுகமாக' என்ற ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரு கட்டடத்துக்கான பரிசு வேறு. அதே ஆர்.ஐ.பி.ஏ. 1996 முதல் ஸ்டிர்லிங் பரிசு கொடுக்கிறது, அதுதான் கட்டடத்துக்கு. 2019இல் நார்விச் நகரில் உள்ளாட்சி வாடகைக்குக் கட்டிய கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் வீடுகளுக்குக் கிடைத்தது அந்தப் பரிசு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள், கவனம்.

பரிசுத் தொகை எவ்வளவு? 'சர்' பட்டம் கூட வருமா?

பிரிட்ஸ்கருக்கு ஒரு லட்சம் டாலர் உண்டு. இதற்குப் பதக்கம்தான். 'சர்' பட்டம் அரசு தருவது. அது தனி வழி. பதக்கம் பெற்ற சிலருக்கு அதுவும் இருக்கும், ஆனால் ஒன்றால் மற்றொன்று வராது.

பிரிட்டிஷ்காரங்களுக்குத்தானே தருவாங்க? இந்தியர் எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?

கொடுப்பது ஒரு நாட்டின் அமைப்பு. வாங்குகிறவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். தொடக்க காலத்திலிருந்தே ஐரோப்பியர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். முதல் அமெரிக்கர் ரிச்சர்ட் மோரிஸ் ஹண்ட், 1893இல். ஜப்பானின் தடாவோ ஆண்டோ 1997, பிரேசிலின் ஆஸ்கர் நீமையர் 1998, சுவிட்சர்லாந்தின் பீட்டர் சும்தோர் 2013, ஜப்பானின் சானா குழு 2025.

இந்தியர்களில் இருவர்: 1984இல் சார்லஸ் கொரியா, 2022இல் தோஷி. அடுத்த ஆண்டே, 2023இல், பாகிஸ்தானின் யாஸ்மீன் லாரி. இந்தியாவில் கட்டிய ஆங்கிலேயர்களும் பட்டியலில் உண்டு. புது டெல்லியை வடிவமைத்த லட்டியன்ஸ் 1921இல் பெற்றார், உடன் வேலை செய்த ஹெர்பர்ட் பேக்கர் 1927இல் பெற்றார். அப்போது டெல்லியில் கட்டட வேலையே முடிந்திருக்கவில்லை.

தோஷி அப்படி என்னதான் செஞ்சாரு? படத்துல பார்த்தா சாதாரணமாத்தான் இருக்கு.

சாதாரணமாக இருப்பதுதான் அவருடைய சாதனை என்பேன். அகமதாபாத்தில் அவர் தனக்காகக் கட்டிய அலுவலகம் 'சங்கத்'. நான் அங்கே போனது ஒரு மே மாதம். வாசலில் நின்றால் கட்டடமே தெரியவில்லை. புல்மேடும் படிகளும் தெரிகின்றன, அவற்றுக்குப் பின்னால் நீளமான வெள்ளை வளைகூரைகள், படுத்திருக்கும் மாடுகளின் முதுகு போல. கூரைமேல் பதித்திருப்பது உடைந்த பீங்கான் ஓடுகள். வெள்ளைத் துண்டு ஒவ்வொன்றும் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கட்டடத்தின் பாதி தரைக்குக் கீழே இறங்கியிருக்கிறது. படியிறங்கி உள்ளே போனதும் சட்டையில் வியர்வை காய்வது தெரிந்தது. கூரையில் விழும் மழை வாய்க்கால் வழியாக வழிந்து கீழே தொட்டிக்கு வரும். வெளியே இருக்கும் படிகளில் தொழிலாளிகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தூரில் அவர் திட்டமிட்ட அரண்யா குடியிருப்பையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 80,000 பேருக்கு, 6,500க்கும் மேற்பட்ட வீடுகள். ஏழைக் குடும்பத்துக்கு முழு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. மனை, அடித்தளம், கழிப்பறை, தண்ணீர் இணைப்பு, இதுதான் தொடக்கம். கையில் காசு சேரச் சேர அவர்களே ஒரு அறை, ஒரு திண்ணை, மேலே ஒரு மாடி என்று வளர்த்துக்கொள்ளலாம். எப்படி வளரலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள் மட்டும் கட்டினார். நம் ஊரில் தாத்தா போட்ட ஓட்டு வீட்டை அப்பா நீட்டி, மகன் தளம் போடுகிறானே, அதே முறைதான். அதை ஒரு ஊர் அளவுக்குத் திட்டமாக்கியவர் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோஷி 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் லெ கொர்புசியேவிடம் வேலை பார்த்தார். 1953இல் கொர்புசியேவுக்கு இதே பதக்கம் கிடைத்த செய்தி வந்தபோது அங்கே இருந்தார். அந்தப் பதக்கம் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கனமாக இருக்குமோ என்று குரு தன்னிடம் சொன்னதைத் தனக்குக் கிடைத்தபோது நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு 94 வயது. இரண்டு பதக்கங்களுக்கும் ஒப்புதல் தந்தது ஒரே அரசி, இரண்டாம் எலிசபெத். 2023 ஜனவரியில் தோஷி காலமானார்.

கொரியாவுக்குக் கொடுத்த விழாவுல ஏதோ சண்டைன்னு படிச்சேனே?

சண்டை இல்லை, ஆனால் மனசுக்கு வருத்தமான கதை. 1984 மே 30, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. ஆர்.ஐ.பி.ஏ.வின் 150ஆவது ஆண்டு விழா. பதக்கம் வழங்க வந்தவர் அப்போதைய இளவரசர் சார்லஸ். வந்தவர் பேச்சில் பெரும்பகுதியை லண்டனின் நவீனக் கட்டடங்களைச் சாடவே எடுத்துக்கொண்டார். நேஷனல் கேலரிக்குத் திட்டமிட்ட புதிய பகுதியை, அன்பான ஒரு நண்பரின் முகத்தில் கிளம்பிய அசிங்கமான கட்டி என்றார். அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. பிரிட்டனில் இன்றும் அந்தப் பேச்சைத்தான் பேசுகிறார்கள். அன்று பதக்கம் வாங்கியது யார் என்பது பலருக்கு நினைவில்லை.

அதனால் நாமாவது கொரியாவை நினைவில் வைத்துக்கொள்வோம். சபர்மதி ஆசிரமத்தில் 1963இல் அவர் முடித்த காந்தி அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் சதுரங்கள், செங்கல் தூண், மேலே ஓட்டுக்கூரை. கண்ணாடி ஜன்னலே கிடையாது. மரப்பட்டிகளைத் திருப்பினால் காற்றும் வெளிச்சமும் வரும். சில சதுரங்களைக் கூரையில்லாமல் முற்றமாக விட்டிருப்பார். காந்தியின் கடிதங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எங்கே உள்ளே, எங்கே வெளியே என்று தெரியாது. கட்டும்போது அவருக்கு 33 வயதுகூட ஆகவில்லை.

அன்று பேசிய இளவரசர்தான் இன்றைய அரசர். இப்போது பதக்கத்துக்கு ஒப்புதல் தருபவரும் அவரே.

ஆர்க்கிடெக்டா இல்லாதவங்களுக்கும் கொடுத்திருக்காங்களாமே, அது எப்படி?

மேலே சொன்ன 'மறைமுகமாக' என்ற சொல் இங்கே வருகிறது. பொறியாளர்கள் ஓவ் ஆரப் (1966), பீட்டர் ரைஸ் (1992) வாங்கியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1967இல் வாங்கினார். 1999இல் ஆளுக்கே கொடுக்கவில்லை. பார்சிலோனா என்ற ஊருக்குக் கொடுத்தார்கள். தெருவையும் சதுக்கத்தையும் கடற்கரையையும் திருத்தி மக்களிடம் கொடுத்ததற்காக ஒரு நகரத்துக்கே மரியாதை.

நமக்கு நெருக்கமான பெயர் ஜேம்ஸ் ஃபெர்குசன், 1871. ஸ்காட்லாந்துக்காரர். அவுரி வியாபாரத்துக்காகக் கல்கத்தா வந்தவர், பிறகு இந்தியா முழுக்கப் பயணம் செய்து கட்டடங்களை வரைந்து தள்ளினார். ஆர்க்கிடெக்ட் பயிற்சி பெற்றவரல்ல. இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதியவர் அவர்தான். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் திருவரங்கம் பற்றி அவர் சொன்னதை ஏற்க மாட்டேன். வெளிச்சுற்றில் கோபுரம் பெரிது, உள்ளே போகப் போகச் சிறிது, நடுவில் இருக்கும் விமானம் எல்லாவற்றிலும் சிறிது. இந்த முறையைத் தலைகீழாக்கியிருந்தால் அருமையான கோவிலாகியிருக்கும் என்பது அவர் தீர்ப்பு.

ஏழு சுற்றையும் நடந்து கடந்தவருக்குத் தெரியும், அது பிழையில்லை. கொள்ளிடத்துக்கு அப்பாலிருந்து வருகிறவனைக் கூப்பிடுவது வெளிக்கோபுரம். உள்ளே வர வர வெளிச்சம் குறைகிறது, இரைச்சல் குறைகிறது, கூரை தாழ்கிறது. கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் பெருமாள் மட்டும்தான். ஃபெர்குசன் காலத்தில் தெற்கு வெளிவாசல் கோபுரம் முடியாமல் மொட்டையாக நின்றது. 1987இல் அதை 236 அடிக்கு எழுப்பி முடித்தோம், எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் சுற்றில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக.

பெண்களுக்குக் கொடுத்திருக்காங்களா?

தனியாக ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 2016 வரை ஆயிற்று. அவர் ஜஹா ஹதீத், பாக்தாத்தில் பிறந்தவர். முன்பு கிடைத்ததெல்லாம் கணவரோடு சேர்த்துத்தான்: 1979இல் ரே ஈம்ஸ், 1994இல் பேட்டி ஹாப்கின்ஸ், 2015இல் ஷீலா ஓடானல். ஜஹாவுக்குக் கிடைத்த சில வாரங்களிலேயே, மார்ச் 31 அன்று, அவர் இறந்துபோனார். அதன்பின் 2020இல் டப்ளினின் கிராஃப்டன் ஆர்க்கிடெக்ட்ஸ் நடத்தும் இரு பெண்கள், 2023இல் லாரி, 2024இல் கானா–ஸ்காட்லாந்து வழிவந்த லெஸ்லி லோக்கோ. 168 ஆண்டுகள் காத்திருக்க வைத்தது நியாயமே இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கிறேன்.

யாராவது வேண்டாம்னு சொல்லியிருக்காங்களா?

ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், 1874. பழைய கட்டடங்களைப் பாதுகாக்காமல் விடுவதையும், 'புதுப்பிக்கிறோம்' என்று சுரண்டிப் பாழாக்குவதையும் கண்டித்து மறுத்துவிட்டார். அந்த ஆண்டுப் பதக்கம் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போனது. கோவில் கல்வெட்டின் மேல் பெயின்ட் அடிப்பதையும் மணல் பீய்ச்சிக் கல்தூணைச் சுரண்டுவதையும் பார்த்திருக்கும் நமக்கு ரஸ்கினின் கோபம் நன்றாகவே புரியும்.

யாஸ்மீன் லாரி கட்டுறது மூங்கில் குடிசை சார். அதுக்குப் போய் தங்கப் பதக்கமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் நல்ல பையன். ஆனால் அன்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. லாரி பெரிய கட்டடம் கட்டத் தெரியாதவர் அல்ல. பாகிஸ்தானில் ஆர்க்கிடெக்டாகத் தகுதி பெற்ற முதல் பெண். கராச்சியில் பாகிஸ்தான் ஸ்டேட் ஆயில் தலைமையகம் போன்ற கான்கிரீட், கண்ணாடிக் கட்டடங்கள் கட்டிப் பெயர் வாங்கியவர். 2000இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 2005இல் காஷ்மீர் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. அப்போதிருந்து இரண்டாவது வாழ்க்கை. சுண்ணாம்பு, மண், மூங்கில், இந்த மூன்றும்தான். வீட்டுக்காரர்களே தங்கள் கையால் கட்டிக்கொள்ள வேண்டும், தானம் வாங்கியவராகத் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

அவர் வடிவமைத்த அடுப்பைப் பாருங்கள். சிந்து மாகாணத்துக் கிராமங்களில் பெண்கள் தரையில் குந்தி, புகையில் கண் எரிய சமைத்தார்கள். வெள்ளம் வந்தால் அடுப்பு முதலில் கரைந்துபோகும். லாரி செய்தது இதுதான்: மண்ணும் சுண்ணாம்பும் கலந்து ஒரு மேடை, மேலே அடுப்பு, புகை போக ஒரு குழாய். மேடைமேல் உட்கார்ந்து நிமிர்ந்து சமைக்கலாம். வெள்ளம் அடுப்பைத் தொடாது, பிள்ளைகள் தெரியாமல் நெருப்பில் கை வைக்க முடியாது. பக்கத்தில் கைகழுவ இடம். பெண்களே பூசி, பூவும் பறவையும் வரைந்துகொள்கிறார்கள். 2018இல் உலக வாழ்விட விருது பெற்றது இந்த அடுப்பு. சமைக்கிறவளின் முதுகையும் நுரையீரலையும் நினைத்துப் பார்த்த வடிவமைப்புக்குத் தங்கம் கொடுத்தது சரிதான்.

லாரி பேக்கருக்கு ஏன் கொடுக்கலை? ஜெஃப்ரி பாவாவுக்கு?

இருவருக்கும் கிடைக்கவில்லை. பேக்கர் பர்மிங்ஹாமில் பிறந்து படித்தவர், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தவர். ஓட்டைச் செங்கல் சுவரையும் குறைந்த செலவில் நிறைந்த வீட்டையும் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர். இந்தியா அவருக்கு 1990இல் பத்மஸ்ரீ கொடுத்தது. பாவா லண்டனில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு இலங்கையில் கட்டியவர். 2001இல் ஆகா கான் விருதின் தலைவர் பரிசு பெற்றார். மதுரைக்காரர்களுக்கு ஒரு தகவல்: 1970களில் நம் ஊரில் ஓர் ஆலை நிறுவனத்துக்காக அவர் கட்டிய கிளப் இன்று ஹோட்டலாக இருக்கிறது. கல்தூணும் ஓட்டுக்கூரையுமாக மரங்களுக்கு நடுவே நிற்கிறது. இந்த இருவரின் பெயரும் அந்தச் சுவரில் இல்லாதது சுவருக்குத்தான் குறை.

இலங்கையின் மின்னெட் டி சில்வாவையும் சொல்ல வேண்டும். 1948இல் ஆர்.ஐ.பி.ஏ.வில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். பதக்கம் அவருக்கும் இல்லை. 1996இல் இலங்கை ஆர்க்கிடெக்ட் சங்கம் தன் தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது.

நம்ம ஸ்தபதிகளுக்கு இது கிடைக்க வாய்ப்பிருக்கா?

பட்டப்படிப்பு இல்லாத ஃபெர்குசனுக்கும் ஒரு நகரத்துக்கும் கிடைத்தது என்றால், மரபுவழி ஸ்தபதிக்கும் கதவு மூடியில்லை. ஆனால் இது விண்ணப்பம் போட்டு வாங்குவதல்ல. யாராவது பரிந்துரைக்க வேண்டும், குழு எடுத்துப் பேச வேண்டும். நம் ஸ்தபதிகளின் வேலை அங்கே போய்ச் சேருவதே இல்லை. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி 1927இல் பிறந்தவர். தோஷி பிறந்த அதே ஆண்டு. இந்திய அரசு 2009இல் பத்மபூஷண் கொடுத்தது. அலை அடிக்கும் பாறைமேல், கல்லைக் கல்லோடு பூட்டி நிறுத்தியவரின் கணக்கை உலகம் படிக்கும்படி வரைபடத்தோடும் அளவோடும் நாம் எழுதி வைத்திருக்கிறோமா? அந்த வேலை நம்முடையது.

ராஜா ராணி கொடுக்குற பதக்கம்... காலனி ஆட்சியோட மிச்சம்தானே சார்?

வந்த வழி அதுதான், மறைக்க ஒன்றுமில்லை. லட்டியன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் பெயர்களை மேலே பார்த்தோம். ஆட்சி செய்கிறவனின் மாளிகை ஒரு குன்றின்மேல் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு அன்று பதக்கம் கொடுத்தார்கள். நூறு ஆண்டு கழித்து அதே பதக்கம் அரண்யாவின் அடித்தளத்துக்கும் சிந்துவின் அடுப்புக்கும் வந்திருக்கிறது. அவர்கள் சொல்லி நாம் பெரியவர்களாகவில்லை. தோஷி, கொரியாவின் கட்டடங்கள் முன்பே இங்கே நின்றுகொண்டிருந்தன. அவர்கள் பார்க்கத் தாமதமானது.

நம் நாட்டிலும் இந்திய ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் பாபுராவ் மாத்ரே தங்கப் பதக்கம் இருக்கிறது. அதை யார் வாங்கினார்கள் என்று நம் பத்திரிகைகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறை.

இதெல்லாம் வாங்கினா நிறைய வேலை வருமா? என் பையன் இந்தத் தொழில்ல பிழைச்சுக்குவானா?

ஓர் அப்பா கேட்டது. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். பதக்கம் பெரும்பாலும் வேலை எல்லாம் முடிந்த வயதில் வருகிறது. 2018ஆம் ஆண்டுக்கான பதக்கம் நீவ் பிரவுனுக்கு. லண்டன் கேம்டன் பகுதியில், 1978இல், உள்ளாட்சிக்காக அவர் அலெக்சாண்ட்ரா ரோடு குடியிருப்பை முடித்தார். 500க்கும் மேற்பட்ட வீடுகள். ரயில் பாதையின் இரைச்சலுக்கு முதுகைக் காட்டி, முன்பக்கம் படிப்படியாக இறங்கும் கான்கிரீட் வரிசை. கோபுர அடுக்குமாடிக்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைப் பார்த்த வாசல், வானத்தைப் பார்த்த ஒரு மொட்டைமாடி.

கட்டும்போதே செலவு ஏறியது, விசாரணை வைத்தார்கள். அதன்பின் பிரிட்டனில் அவருக்கு ஒரு கட்டடம்கூடக் கட்டக் கிடைக்கவில்லை. 1993இல் அதே குடியிருப்பைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அரசு அறிவித்தது. பதக்கம் அறிவிக்கப்பட்டபோது அவர் நோயில் இருந்தார். வாங்கிக்கொண்டார். 2018 ஜனவரியில், 88 வயதில் காலமானார். அந்த மொட்டைமாடிகளில் குடியிருப்பவர்கள் வைத்த செடிகள் இன்றும் கான்கிரீட்டின்மேல் வழிந்து தொங்கிக்கொண்டிருக்கின்றன.